மீட்டர் 8 என்கிறது, படம் வேறு சொல்கிறது: ஸ்டுடியோ ஃபிளாஷில் லைட் மீட்டர் தகராறுகள்

ஃபிளாஷின் வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டர் எஃப் 8 காட்டுகிறது, அதாவது லென்ஸ் துளையை (அபெர்ச்சர்) 8இல் வைக்கச் சொல்கிறது; எண் கூடினால் துளை சிறிதாகும். கேமராவிலும் 8 வைத்து எடுக்கிறோம். முகம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்து வருகிறது. உடனே பழி மீட்டர் மேல்தான் விழும்: "பழசாயிடுச்சு, தப்பா காட்டுது." நானும் பல வருடம் அப்படித் திட்டியவன்தான். ஆனால் தேடிப் பார்த்தபோது மீட்டரே கெட்டுப்போயிருந்த சந்தர்ப்பம் எனக்கு மிகக் குறைவு.

மீட்டருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நாம் கொடுத்த ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் எண்), நாம் கொடுத்த ஷட்டர் ஸ்பீடு, அப்புறம் மீட்டரின் தலையில் இருக்கிற வெள்ளைக் குமிழின் மேல் அந்த நொடியில் விழுந்த வெளிச்சம். லென்ஸில் ஃபில்டர் மாட்டியிருப்பதோ, கேமராவில் ஐஎஸ்ஓ மாறிப்போனதோ, குமிழின் மேல் உங்கள் கை நிழல் விழுந்ததோ அதற்குத் தெரியாது. அதனால் பிழை தேட வேண்டிய இடங்கள் மூன்று: மீட்டருக்குக் கொடுத்த எண்கள், மீட்டரைப் பிடித்த விதம், மீட்டருக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்கிற சமாச்சாரங்கள்.

வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்: ஒரே ஒரு ஃபிளாஷைத் தவிர மற்றதையெல்லாம் அணையுங்கள், கேமராவை முழு மேனுவலில் வையுங்கள், ஃபிளாஷில் டிடிஎல் (கேமராவே ஃபிளாஷின் அளவைத் தீர்மானிக்கிற முறை) இருந்தால் அதையும் மேனுவலுக்கு மாற்றுங்கள். மூன்று லைட்டும் ஒன்றாக அடிக்கும்போது பிழை தேடுவது, சந்தை இரைச்சலில் யார் கூப்பிட்டது என்று கண்டுபிடிக்கிற மாதிரி.

ஃபிளாஷ் அடிக்கிறது, மீட்டரில் எண்ணே வரவில்லை

முதலில் மோடைப் பாருங்கள். திரையில் சூரியன் சின்னம் இருந்தால் மீட்டர் சாதாரண வெளிச்சத்தை அளக்கிற நிலையில் இருக்கிறது. ஃபிளாஷை அது கண்டுகொள்ளாது. மின்னல் சின்னம் வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. செகோனிக் கம்பெனியின் மீட்டர்களில் மின்னலுக்குப் பக்கத்தில் 'சி' எழுத்து இருந்தால் அது கேபிள் மோடு, ஃபிளாஷோடு கேபிளால் இணைத்து மீட்டரே அதை அடிக்க வைக்கிற முறை. கேபிள் மாட்டாமல் அந்த மோடில் பட்டனை அழுத்தினால், ஃபிளாஷ் அடித்ததாக நினைத்துக்கொண்டு மீட்டர் தன் பாட்டுக்கு அளந்து முடித்துவிடும்.

கேபிள் இல்லாத மோடில் பட்டனை அழுத்தியதும் சின்னம் மினுக்க ஆரம்பிக்கும். ஃபிளாஷுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். செகோனிக்கில் இந்தக் காத்திருப்பு சுமார் 90 நொடிதான். பட்டனை அழுத்திவிட்டு, மாடலின் காலரைச் சரி செய்து, சாஃப்ட்பாக்ஸை அரை அடி நகர்த்தி, நிதானமாக டெஸ்ட் பட்டனுக்கு வந்தால் மீட்டர் எப்போதோ பொறுமை இழந்திருக்கும். மறுபடி அழுத்திவிட்டு உடனே ஃபிளாஷை அடியுங்கள்.

மினுக்கிக்கொண்டே இருக்கிறது, ஃபிளாஷும் அடித்துவிட்டது, ஆனாலும் எண் வரவில்லை என்றால் வேறு கதை. வெளிச்சம் திடீரென்று எகிறுவதை வைத்துத்தான் மீட்டர் ஃபிளாஷை அடையாளம் காண்கிறது. பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் ஃபில் லைட்டை (நிழலை நிரப்புகிற துணை லைட்) குறைந்த பவரில் வைத்திருந்தால் அந்த எகிறல் அதற்குத் தெரியாமல் போகலாம். ஜன்னலை மூடிவிட்டு அளங்கள். முடியாவிட்டால் கேபிள் மோடுக்கு மாறுங்கள்.

கேபிள் மாட்டியும் ஃபிளாஷ் அடிக்கவில்லையென்றால் பத்தில் எட்டு முறை குற்றவாளி அந்தக் கேபிளின் நுனிதான். அந்த நுனி மாட்டுகிற பிசி சாக்கெட் என்பது பிறவியிலேயே தளர்ந்த சாக்கெட். (பிசி என்றதும் கம்ப்யூட்டர் நினைவுக்கு வரும். உண்மையில் அது பிரான்டர், காம்பூர் என்ற இரண்டு ஷட்டர்களின் பெயரின் முதலெழுத்துகள்.) நுனியின் வெளி வளையத்தை மிக லேசாக நெருக்கினால் இறுக்கமாக உட்காரும். அழுத்தி நெருக்கினால் உடைந்துவிடும், ஜாக்கிரதை.

ஊசி ஆடுகிற பழைய மீட்டரை யாராவது பாசத்தோடு கொடுத்திருந்தால் அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். செலினிய மீட்டர்களுக்குத் தொடர்ச்சியான வெளிச்சம்தான் புரியும். ஃபிளாஷ் அடித்து முடிவதற்குள் அந்த ஊசி அசையக்கூட அசையாது. அது கெட்டுப்போகவில்லை, அந்த வேலைக்கென்று செய்யப்பட்டதே இல்லை.

யாரும் ஃபிளாஷ் அடிக்கவில்லை, எண் மட்டும் வந்துவிடுகிறது

அறையில் டியூப் லைட் எரிகிறதா? அதன் சிமிட்டலைச் சில மீட்டர்கள் ஃபிளாஷ் என்று நினைத்துவிடும். அணைத்துவிட்டுப் பாருங்கள். பக்கத்தில் இன்னொருவர் ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாலும் இதே தொல்லைதான். அங்கேயும் கேபிளோ, மீட்டருக்குள்ளேயே இருக்கிற ரேடியோ ட்ரிகரோதான் வழி.

இதன் தம்பி ஒன்று உண்டு: எண் வருகிறது, ஆனால் எதிர்பார்த்ததை விட மிகக் குறைவாக. ஃபிளாஷ் டிடிஎல் மோடில் இருந்தால் முதலில் ஒரு சின்ன முன்ஃபிளாஷ் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பெரியதை அடிக்கும். மீட்டர் அந்தச் சின்னதைப் பிடித்துக்கொண்டு முடித்துவிடும். மேனுவலுக்கு மாற்றினால் தீர்ந்தது.

எண்ணுக்குப் பதிலாக 'ஈ யு' அல்லது 'ஈ ஓ'

பழுதுக் குறியீடு என்று பயப்பட வேண்டாம். 'ஈ யு' என்றால் அண்டர் (வெளிச்சம் குறைவு), 'ஈ ஓ' என்றால் ஓவர் (வெளிச்சம் அதிகம்); மீட்டர் காட்டக்கூடிய எல்லைக்கு வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். பெரும்பாலும் ஐஎஸ்ஓவில் ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ இருக்கும். அது சரியாக இருந்தால் ஃபிளாஷின் பவரைப் பாருங்கள்.

எந்தப் படம் எடுத்தாலும் ஒரே அளவுக்கு ஓவர், அல்லது ஒரே அளவுக்கு அண்டர்

அதிகம் பேரைப் படுத்துகிற அறிகுறி இதுதான். தவறு ஒரே அளவில் இருக்கிறது என்பதே நல்ல செய்தி. எங்கோ ஒரு எண் பொருந்தாமல் நிற்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும்.

ஐஎஸ்ஓவிலிருந்து ஆரம்பியுங்கள். மீட்டரில் 100, கேமராவிலும் 100 என்று மனதில் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நினைப்பதை விட்டுவிட்டு இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ அணைந்திருக்கிறதா என்பதையும் மெனுவில் பார்த்துவிடுங்கள். நான் ஒரு முறை அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்: எல்லாப் படமும் சரியாக ஒரு ஸ்டாப் ஓவர், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். முந்தின நாள் வெள்ளை உடைக்காக கேனான் கேமராவில் ஹைலைட் டோன் ப்ரையாரிட்டி என்கிற, பளிச்சென்ற பகுதிகளை (ஹைலைட்) காக்கிற வசதியைப் போட்டிருந்தேன். அதைப் போட்டால் கேமராவின் ஐஎஸ்ஓ 200க்குக் கீழே இறங்காது. நான் மறுநாள் பழக்கத்தில் சக்கரத்தைக் கடைசி வரை திருப்பிவிட்டு, 100க்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மீட்டரில் 100, கேமராவில் 200. அரை மணி நேரம்!

அடுத்தது, திரையில் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்தச் சின்ன எண். பெரிய 5.6, பக்கத்தில் சின்னதாக 9 என்று காட்டினால் பலர் அதை 5.6 என்றே படித்துவிட்டுப் போகிறார்கள். அந்த 9 ஒரு ஸ்டாப்பின் பத்தில் ஒன்பது பங்கு. 5.6ஐத் தாண்டி 8ஐத் தொடப் போகிறது என்று பொருள். 5.6 வைத்து எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்டாப் ஓவர். கேமராவோ மூன்றில் ஒரு பங்காக நகர்கிறது: 5.6, 6.3, 7.1, 8, 9, 10, 11. அதனால் சின்ன எண் 3 பக்கம் இருந்தால் ஒரு கிளிக் மூடுங்கள், 7 பக்கம் இருந்தால் இரண்டு கிளிக், 9 என்றால் அடுத்த முழு ஸ்டாப். ஸ்டெப் அளவை மூன்றில் ஒன்றாக மாற்றிக்கொள்ளும் வசதி பல மீட்டர்களில் இருக்கிறது. நான் மாற்றுவதில்லை. இரண்டு லைட்டுகளை ஒப்பிடும்போது பத்தில் ஒரு பங்குக் கணக்குதான் வசதி.

மூன்றாவது, குமிழ். செகோனிக் எல்-308 போன்ற சின்ன மீட்டர்களில் குமிழைப் பக்கவாட்டில் தள்ளிவிடலாம். தள்ளினால் மீட்டர் விழுகிற வெளிச்சத்தை விட்டுவிட்டு, எதிரிலிருந்து பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தை அளக்கும். சட்டைப் பையில் போட்டு எடுத்தால் குமிழ் தானாக நகர்ந்திருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். மாடலின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து கேமரா பக்கம் திருப்பினால், மீட்டர் பார்ப்பது கேமராவுக்குப் பின்னால் இருக்கிற இருட்டு அறையை. எண் பயங்கரமாகக் குறையும், நாம் அபெர்ச்சரைத் திறப்போம், படம் எரிந்துவிடும். வேறு மாடல்களில் குமிழைச் சுற்றினால் உள்ளே இறங்கும். இறங்கிய நிலையில் பக்கத்து வெளிச்சங்கள் சரியாகச் சேராது. அளக்கும் முன் கட்டை விரலால் குமிழை ஒரு தடவு தடவிப் பார்க்கிற பழக்கம் நல்லது. கையோடு அதன் மேலிருக்கிற மேக்கப் தூசியும் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரி, படம் மட்டும் அண்டர் என்றால் லென்ஸைப் பாருங்கள். போலரைசர் மாட்டி மறந்திருந்தால் ஒன்றரை ஸ்டாப் பக்கம் அங்கேயே போய்விடும். மேக்ரோவில் ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுத்தால் சுமார் இரண்டு ஸ்டாப் போகும், கையில் இருக்கிற மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. நகை எடுக்கிறவர்கள் "மீட்டர் மேக்ரோவுக்கு ஒத்துவராது" என்று சொல்வதற்கு இதுதான் காரணம். இதில் ஒரு பொறி உண்டு: நிக்கான் கேமராவில் அதே கம்பெனியின் மேக்ரோ லென்ஸ் மாட்டினால், கிட்டே போகப் போக அபெர்ச்சர் எண் தானாகக் கூடுவதைக் காட்டும். குறைந்துபோன வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட எண் அது. அங்கே மீட்டர் சொன்ன எண்ணை அப்படியே வையுங்கள், மறுபடி இரண்டு ஸ்டாப் கூட்டினால் எரிந்துவிடும்.

கடைசியாக, ஐஎஸ்ஓ 50. பல கேமராக்களில் 'லோ' என்று காட்டுகிற இது நிஜமான 50 கிடையாது. 100இல் ஒரு ஸ்டாப் அதிகமாகப் பிடித்து, பிறகு இறக்கித் தருகிறது. மீட்டரில் 50 வைத்து அளந்தால் படத்தின் பொதுவான வெளிச்சம் சரியாகத்தான் வரும். நெற்றியின் பளபளப்பும் வெள்ளைத் துணியும் மட்டும் சீக்கிரம் வெளுத்துப்போகும். "எக்ஸ்போஷர் சரி, ஆனால் ஹைலைட் போகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இடம் மாறவில்லை, பவர் மாறவில்லை, எண் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது

பத்தில் ஒரு பங்கு ஏறி இறங்குவது சாதாரணம், விட்டுவிடுங்கள். மூன்று நான்கு பங்கு ஆடினால்தான் கவலை.

பவரைக் குறைத்த பிறகு வருகிற முதல் அளவு கூடுதலாக இருந்தால், ஃபிளாஷுக்குள் பழைய மின்சாரம் மிச்சம் இருக்கிறது. புதிய ஃபிளாஷ்கள் அதைத் தானாக வெளியே தள்ளிவிடும். பழையவை தள்ளாது. பவரைக் குறைத்ததும் ஒரு முறை சும்மா அடித்துவிட்டு, அதற்குப் பிறகு அளங்கள்.

அடுத்தடுத்து வேகமாக அடித்தால் எண் குறைந்துகொண்டே போகிறதா? முழுதாக நிரம்புவதற்கு முன்பே ரெடி விளக்கு எரிந்துவிடுகிற ஃபிளாஷ்கள் உண்டு. பீப் சத்தம் கேட்டபின் இரண்டு நொடி விட்டு அடித்துப் பாருங்கள். எண் நிலைத்துவிட்டால் அதுதான் காரணம்.

அப்புறம், தூரம். இதை எல்லோரும் படித்திருப்போம், வேலையில் மறந்துவிடுவோம். சாஃப்ட்பாக்ஸ் முகத்திலிருந்து 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். மாடல் சிரித்தபடி 20 சென்டிமீட்டர் முன்னால் சாய்கிறார். தூரம் 0.8 மீட்டர், வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல். அதாவது பத்தில் ஆறு பங்கு ஸ்டாப். அதே சாய்வு, லைட் 3 மீட்டரில் இருந்தால் பத்தில் இரண்டு பங்குதான். கிட்டே வைத்த லைட்டில் எண் ஆடுவது மீட்டரின் குற்றமில்லை. மூக்குக்கு முன்னால் ஒரு தடவை, காதுக்குப் பக்கத்தில் ஒரு தடவை என்று அளந்தாலும் இதே கதைதான். ஒரு இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் தாடைக்குக் கீழே, சட்டைக் காலரைத் தொடாத தூரத்தில் பிடிப்பேன்.

உங்கள் உடம்பும் ஒரு சாமான்தான் என்பதை மறக்காதீர்கள். மீட்டரைப் பிடித்தபடி லைட்டுக்கு முன்னால் நின்றால் நிழல். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஃபில் பக்கம் நின்றால் நீங்களே ஒரு ரிஃப்ளெக்டர். கையை நீட்டிப் பிடித்து, உடம்பை ஒதுக்கி, லைட் இல்லாத பக்கம் நில்லுங்கள்.

மீட்டர் சரி என்கிறது, முகம் மட்டும் இருட்டாக வருகிறது

பின்னால் ஹேர் லைட் இருந்தால் அநேகமாக அது குமிழின் மேல் விழுகிறது. குமிழ் அரைக்கோளம் என்பதால் பக்கவாட்டிலிருந்தும் கொஞ்சம் பின்னாலிருந்தும் வருகிற வெளிச்சத்தைக்கூடச் சேர்த்துக்கொள்ளும். தலைமுடிக்குப் போக வேண்டிய வெளிச்சத்தையும் முகத்தின் கணக்கில் எழுதிவிடும். மீட்டருக்குப் பின்னால் உங்கள் இன்னொரு கையை மறைப்பாகப் பிடியுங்கள், அல்லது ஹேர் லைட்டை அணைத்துவிட்டு முகத்தை அளங்கள்.

குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்ற பழைய சண்டையும் இங்கேதான் வரும். கேமராவைப் பார்த்தா, லைட்டைப் பார்த்தா? என் வழக்கம் இது: படத்துக்கான இறுதி எண்ணுக்குக் குமிழை வெளியே வைத்து கேமராவைப் பார்த்துத் திருப்புவேன். ஒவ்வொரு லைட்டையும் தனித்தனியாக ஒப்பிட, குமிழை உள்ளே இறக்கி அந்த லைட்டைப் பார்த்துத் திருப்புவேன். கீ லைட் (முதன்மை லைட்) முழுக்கப் பக்கவாட்டில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே. லைட்டைப் பார்த்துத் திருப்பினால் எண் கூடும், படம் கொஞ்சம் அடர்த்தியாக வரும், ஹைலைட் பத்திரமாக இருக்கும். அந்தத் தோற்றம் பிடித்தவர்கள் அப்படியே செய்யட்டும். நேற்று ஒரு விதம், இன்று ஒரு விதம் என்று மாற்றாமல் இருந்தால் சரி.

மீட்டரும் முகமும் சரி, ஹிஸ்டோகிராம்தான் "அண்டர்" என்கிறது

கறுப்புப் பின்னணி, கறுப்பு உடை. ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டுகிற வரைபடம், இடது ஓரத்தில் குவிந்து நிற்கிறது. நிற்கத்தான் வேண்டும்! படத்தில் கறுப்புதான் அதிகம். குமிழ் வைத்து அளக்கும் முறையின் சிறப்பே பொருளின் நிறத்தைப் பற்றி அது கவலைப்படாததுதான். கறுப்பு கறுப்பாகவும், வெள்ளை வெள்ளையாகவும், கருத்த தோல் கருத்த தோலாகவும் வரும். திரும்பி வருகிற வெளிச்சத்தை அளக்கிற முறையோ எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஹிஸ்டோகிராமைப் பார்த்துவிட்டு அபெர்ச்சரைத் திறந்தால் கறுப்புப் பட்டு சாம்பல் துணியாகும், முகம் வெளுக்கும்.

தனித்தனியாக அளந்தால் ஒரு கணக்கு, சேர்த்து அடித்தால் வேறு கணக்கு

கீ லைட் தனியாக எஃப் 8. ஃபில் தனியாக எஃப் 5.6. இரண்டும் சேர்ந்து விழுகிற இடத்தில் எஃப் 8 வைத்து எடுத்தால் ஓவர். ஏன்? வெளிச்சம் கூடும், ஆனால் எஃப் எண்களை நேராகக் கூட்ட முடியாது. ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 8க்கு 64, 5.6க்குச் சுமார் 31. மொத்தம் 95. அதன் வர்க்கமூலம் 9.7 சொச்சம். மீட்டர் மொழியில் பெரிய 8, சின்ன 6. இரண்டு லைட்டும் தனித்தனியே எஃப் 8 என்றால் 64ம் 64ம் 128, சேர்ந்து எஃப் 11.

இந்தக் கணக்கை யாரும் செட்டில் நின்று போடுவதில்லை, எல்லா லைட்டையும் ஒன்றாக அடித்து ஒரு முறை அளந்தால் போதும். ஆனால் தனித்தனி எண்கள் விகிதத்துக்கு வேண்டும். இரண்டுக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம் என்றால் ஒன்றின் வெளிச்சம் மற்றதைப் போல இரண்டு மடங்கு, இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு, மூன்று என்றால் எட்டு. விகிதம் அளக்கக் குமிழை உள்ளே இறக்கியே ஆக வேண்டும். வெளியே விட்டால் ஃபில் அளக்கும்போது கீ லைட் எட்டிப் பார்க்கும்.

ஒருவர் ஒரு லைட்டை அணைத்து அளந்து, அடுத்ததைப் போட்டு அளந்து, கடைசியில் ஒன்றைப் போட மறந்துவிட்டு இறுதி அளவை எடுப்பது எல்லா ஸ்டுடியோவிலும் நடக்கிற கூத்துதான். சேர்ந்த எண் கீ லைட்டின் எண்ணை விடக் கூடவில்லையென்றால், மீட்டரைப் பார்க்காதீர்கள், ஸ்டாண்டுகளைப் பாருங்கள்.

பின்னணி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை

மாடலிடம் அளந்த எண் மாடலுக்குத்தான். வெள்ளைப் பின்னணி சாம்பலாக வந்தால் மீட்டரை அந்தச் சுவரிடமே கொண்டுபோய், கேமரா பக்கம் திருப்பி அளங்கள். முகம் எஃப் 8 என்றால் சுவரில் 8க்கும் 11க்கும் இடையே இருந்தால் நல்ல வெள்ளை கிடைக்கும். "இன்னும் வெள்ளையாக" என்று 16, 22 வரை ஏற்றினால் அந்த வெளிச்சம் திரும்பி வந்து தலைமுடியின் ஓரத்தைத் தின்றுவிடும், லென்ஸிலும் மூடுபனி படரும். நான்கு மூலையும் நடுவும் அளந்து பத்தில் இரண்டு மூன்று பங்குக்குள் கொண்டுவாருங்கள்.

ஷட்டர் ஸ்பீடை மாற்றினால் எல்லாம் குழம்புகிறது

மெதுவாக்கினால் படம் வெளுத்து மஞ்சளடிக்கிறதா? ஃபிளாஷுக்குள் தொடர்ந்து எரிகிற மாடலிங் பல்பும் அறை விளக்கும் உள்ளே வருகின்றன. ஃபிளாஷ் மோடில்கூட, நாம் கொடுத்த ஷட்டர் ஸ்பீடுக்கு எவ்வளவு அறை வெளிச்சம் சேருமோ அதையும் சேர்த்துத்தான் மீட்டர் எண் தரும். மீட்டரில் 1/125, கேமராவில் 1/30 என்று இருந்தால் அந்தக் கூடுதல் வெளிச்சம் மீட்டரின் கணக்கில் இல்லை. மொத்தத்தில் ஃபிளாஷின் பங்கு எத்தனை சதவீதம் என்று காட்டுகிற மீட்டர்கள் உண்டு. ஸ்டுடியோவில் அது 100ஐ ஒட்டி இருக்க வேண்டும். 80 என்று காட்டினால் எங்கோ ஒரு விளக்கு தேவையில்லாமல் எரிகிறது.

வேகமாக்கினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை வருகிறது என்றால் கேமராவின் சிங்க் ஸ்பீடை, அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகிற உச்ச ஷட்டர் வேகத்தை, தாண்டிவிட்டீர்கள். மீட்டருக்கு இதில் சம்பந்தமே இல்லை. ரேடியோ ட்ரிகர் கொஞ்சம் தாமதிக்கும், அதனால் 1/200 சிங்க் என்று எழுதியிருந்தாலும் 1/160 அல்லது 1/125இல் வேலை பார்ப்பது நிம்மதி.

பட்டை இல்லை, ஆனால் 1/125இல் சரியாக வந்த படம் 1/250இல் மொத்தமாக மங்குகிறது. இது நுட்பமானது. பெரிய பழைய ஃபிளாஷ்களில் வெளிச்சம் சட்டென்று அணையாது, வால் போல நீளும். பெட்டியில் எழுதியிருக்கும் ஃபிளாஷ் நேரம் பெரும்பாலும் உச்சத்தின் பாதிக்கு மேல் இருக்கும் நேரம் மட்டும்தான். முழு வால் அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 1/300 என்று எழுதியிருந்தால் நிஜத்தில் 1/100 பக்கம். 1/250இல் ஷட்டர் அந்த வாலை நறுக்கிவிடும், 1/125 வைத்த மீட்டரோ பெரும்பகுதியைச் சேர்த்திருக்கும். இரண்டிலும் ஒரே ஸ்பீடு வையுங்கள்.

சிங்க் ஸ்பீடைத் தாண்டியும் எடுக்க உதவுகிற ஹெச்எஸ்எஸ் மோடில் ஃபிளாஷ் ஒரே வெடிப்பாக அடிக்காது, படபடவென்று நூற்றுக்கணக்கான துடிப்பாக அடிக்கும். பெரும்பாலான மீட்டர்களுக்கு அது பிடிபடாது. செகோனிக் எல்-858டி போலச் சிலவற்றில்தான் அதற்கென்று தனி வசதி இருக்கிறது. இல்லாதவர்கள் ஹெச்எஸ்எஸ்ஸில் மீட்டரைப் பையில் வைத்துவிட்டு, படம் எடுத்துப் பார்த்துச் சரிசெய்வதே மேல்.

இரண்டு மீட்டர், இரண்டு எண்

நண்பரின் மீட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆசையை முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். திரும்பி வருகிற வெளிச்சத்தை அளப்பதற்கு செகோனிக் பயன்படுத்துகிற அளவுத்திருத்த எண் 12.5, மினோல்டா பயன்படுத்தியது 14. இதிலேயே ஸ்டாப்பில் ஆறில் ஒரு பங்கு வித்தியாசம் வந்துவிடும். இரண்டுமே சரியான மீட்டர்கள்தான். உங்களுக்குத் தேவை உங்கள் மீட்டர் உங்கள் கேமராவோடு ஒத்துப்போவது மட்டும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் மூன்றில் ஒரு பங்கு உதைக்கிறது

இப்போதுதான் மீட்டரைத் திருத்தலாம், இதற்கு முன்னால் வேண்டாம். கிரே கார்டை (நடுத்தரச் சாம்பல் நிற அட்டை) நிமிர்த்தி வைத்து, பளபளப்பு வராத கோணத்தில் ஒரே ஒரு ஃபிளாஷை வையுங்கள். கார்டு இருக்கிற இடத்தில் குமிழை உள்ளே இறக்கி, கார்டு பார்க்கிற திசையைப் பார்த்து அளங்கள். திரையில் சின்ன எண் பூஜ்யமாகி, சரியாக 8 வரும்வரை பவரையோ தூரத்தையோ மாற்றுங்கள். பிறகு 5.6இலிருந்து 11 வரை ஒவ்வொரு கிளிக்காக ஏழு படங்கள், ரா ஃபைலாக.

கம்ப்யூட்டரில் முடிந்தவரை தட்டையான ப்ரொஃபைலில் திறந்து, எந்தத் திருத்தமும் இல்லாமல், கார்டின் நடுவில் எண் பாருங்கள். 18 சதவீதச் சாம்பல், எஸ்ஆர்ஜிபியில் 118 பக்கம் வர வேண்டும். எஃப் 8 படத்திலேயே வந்தால் வேலை முடிந்தது. 7.1 படத்தில் வந்தால் உங்கள் கேமராவுக்கு மீட்டர் சொல்வதை விட மூன்றில் ஒரு பங்கு அதிக வெளிச்சம் வேண்டும்.

பல மீட்டர்களில் இதற்கென்று திருத்த மெனு இருக்கும். கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது மாடலுக்கு மாடல் குழப்பும். கையேட்டைத் தேடாமலே கண்டுபிடிக்கலாம்: போட்டுவிட்டு அதே வெளிச்சத்தை மறுபடி அளங்கள். உங்கள் படங்கள் இருட்டாக வந்தன என்றால் எண் முன்பை விடக் குறைய வேண்டும். கூடிவிட்டால் குறியை மாற்றுங்கள். மெனுவே இல்லாத மீட்டர் என்றால் ஐஎஸ்ஓவை ஏமாற்றுங்கள்: கேமராவில் 100, மீட்டரில் 80.

இந்தத் திருத்தம் அந்தக் கேமராவுக்கும் அந்த லென்ஸுக்கும்தான். ஒரே அபெர்ச்சர் எண்ணில் இரண்டு லென்ஸ்கள் ஒரே அளவு வெளிச்சம் விடுவதில்லை, ஜூம்களில் மூன்றில் ஒரு பங்கு குறைவது சகஜம். என் மீட்டரின் முதுகில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன். அதில் மூன்று லென்ஸ்களின் பெயரும் பக்கத்தில் ஒவ்வொரு எண்ணும் பேனாவில் எழுதியிருக்கின்றன. டேப் அழுக்கானால் மாற்றி எழுதிக்கொள்வேன்.